நல்ல தண்ணி இரண்டு கான்

படகில் நிருபன் மூன்று தரம் சத்தி எடுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கிழவர் தன் மடியிலிருந்த தேசிக்காயை எடுத்து, மணந்து பார் என்று கொடுக்கவும் செய்தார். நெடுந்தீவில் யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்க, யசோதரா மறைக்காமல் சொன்னாள். கனடாக்காரர் ஜெயரூபன் கூப்பிட்டிருக்கிறார், அந்தச் சுழியோடிப் பெடியனின் விஷயமாகப் போகிறோம் என்றாள். கிழவர் கையை நீட்டித் தேசிக்காயைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“அக்கா, அடுத்த முறை கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லுங்கோ,” என்றான் நிருபன். “எனக்கு இன்னும் அரை மணித்தியாலக் கடல் கிடக்கு.”

யசோதரா பதினைந்து வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் பிடிக்கிற வேலை பார்த்தவள். எரியாத கடை எரிந்ததாகவும் சாகாத மாடு செத்ததாகவும் வந்த படிவங்களைப் படித்துப் படித்து, ஆள் வாயைத் திறந்தால் அவருடைய கையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. இப்போது யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு புத்தகக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் வைத்திருக்கிறாள். அந்தக் கந்தோரின் சாரதி, எழுதுவினைஞன், குடை பிடிக்கிறவன் எல்லாம் நிருபன்தான். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வாய்க்கு மட்டும் இன்னும் கலியாணம் ஆகவில்லை.

விஷயம் இதுதான். ஜெயரூபனுக்குப் பூர்வீகம் கரம்பொன். முப்பது வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறார். ஊர் சுற்றிக் காட்டும் வீடியோக்கள் போட்டு இரண்டு லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருக்கிறார். இந்த முறை மனைவி கோசலாவுடன் ஒன்பது நாள் வான் பயணம். யாலவில் சிறுத்தை, பாசிக்குடாவில் கடற்குளிப்பு, திருகோணமலையில் பவளப்பாறைக்குள் சுழியோட்டம், வில்பத்துவில் கரடி, சாட்டிக் கடற்கரையில் ஒரு பொழுது, கடைசியில் நெடுந்தீவுக் காட்டுக்குதிரையும் கடலடியில் கிடக்கிற ஒரு பழைய இரும்புக் கப்பலும். வான் ஓட்டுகிறவன், வழி காட்டுகிறவன், கடலுக்குள் கூட்டிப் போகிறவன் மூன்றும் ஒரே ஆள்: அல்லைப்பிட்டி அன்ரனிதாஸ்.

நேற்று மத்தியானம், அந்தக் கப்பலடியில், பதினைந்து மீற்றர் ஆழத்தில், ஜெயரூபனுக்கு மூச்சு நின்றது. அலறியடித்து மேலே வந்தவர் கரையில் கிடந்து துடித்ததை ஊரே பார்த்தது. பழுதான சாமானைத் தந்து தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று பொலிஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று மூன்று மணிப் படகில் அன்ரனிதாஸை ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வழக்கு விழுந்தால் அவனுடைய சுழியோடி அட்டை பறிபோகும். அந்த அட்டை இல்லாமல் அவன் ஒருவரையும் கடலுக்குள் கூட்டிக்கொண்டு இறங்க ஏலாது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

யசோதராவை ஜெயரூபன் நேற்றுப் பின்னேரமே தொலைபேசியில் பிடித்தது அந்த வழக்கை இறுக்கத்தான். வீடியோவில் காட்டுவதற்குச் சுயாதீனமான ஓர் அறிக்கை வேண்டுமாம்.

துறையில் ஐந்து பிக்கப் வாகனங்கள் நின்றன. யாரிடம் போகவேண்டும் என்று சொன்னதும் ஒன்றுக்கு டயர் போய்விட்டது, இன்னொன்றுக்கு டீசல் இல்லாமல் போனது, மூன்றாவதின் சாரதிக்கு வயிற்றுக்குத்து வந்தது. கடைசியில் ஒருவன் ஏற்றினான். ஆனால் முன் இருக்கையில் தன் பையை வைத்துவிட்டு இவர்கள் இருவரையும் பின்னால் நிற்கவிட்டான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் கடற்கல் அடுக்கிய மதில்கள், நடுவில் காய்ந்த புல், எங்கே பார்த்தாலும் வெறும் வெளி.

அந்த வெளியில்தான் நிருபன் குதிரைகளைக் கண்டான். ஐந்து. ஒரு வீட்டின் பின்மதிலுக்கு வெளியே, கட்டாமல், மேய்ப்பாரில்லாமல், தலையைக் குனிந்தபடி நின்றன. பிள்ளைகளுக்குக் காட்டப் படம் எடுக்கவேண்டும் என்று கூரையைத் தட்டி வாகனத்தை நிறுத்தினான்.

“உதுகள் இந்தப் பக்கம் வாறேல்லை,” என்றான் சாரதி, அவர்களைப் பார்க்காமலே. “உதுகளின்ரை இடம் தெற்கு. நேற்றுப் பொழுதுபட்டதிலை இருந்து உந்த மதிலடியிலைதான் நிக்குதுகள், விசர் பிடிச்ச மாதிரி.”

அது யாருடைய வீடு என்று யசோதரா கேட்டாள். கிறேசம்மாவின் வீடு என்று சொல்லிவிட்டுச் சாரதி வாகனத்தை உதறிக்கொண்டு எடுத்தான். படம் ஆடிப்போனது.

விடுதியின் சொந்தக்காரர் தில்லைநாதன் முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து, பிழிந்த தேசிக்காய்க் கோதினால் குழாயின் மூக்கை உரஞ்சிக்கொண்டிருந்தார். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. கதிரையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார். தேத்தண்ணி கேட்ட நிருபனிடம், நல்ல தண்ணி ஆளுக்கு அளந்துதான் வருகிறது, குடிக்க வந்தீர்களா விசாரிக்க வந்தீர்களா என்று கேட்டார். அவருக்கு அன்ரனிதாஸிலும் கோபம். கூட்டிவருகிற சுழியோட்டக்காரரை எல்லாம் தன் விடுதியில் இறக்கச் சொல்லிக் கேட்டாராம். அந்தப் பெடியன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றானாம். அதைச் சொல்லும்போது அவர் கோதை உரஞ்சிய உரஞ்சலில் குழாயே கழன்றுவிடும் போலிருந்தது.

ஜெயரூபன் கமராவோடுதான் விறாந்தைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது, வெயிலில் சிவந்த மூக்கு. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் பத்தரைக்கு வருகிறீர்கள், அதுதான் இந்த நாடு உருப்படவில்லை என்று தொடங்கினார். படகு எட்டரைக்குத்தான் வெளிக்கிட்டது என்ற நியாயம் அவர் காதில் ஏறவில்லை. கோசலா மூலைக் கதிரையில் புருஷனுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தாள். ஒன்பது நாளும் ஒரே வானில் வந்த களை அந்த முதுகிலே தெரிந்தது. இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று ஐந்து மணிக்கு அன்ரனிதாஸ் சாமான் பையைக் கொண்டுவந்து வைத்தவுடன், ஜெயரூபன் அதைப் பறித்துச் சாட்சிக்கென்று களஞ்சிய அறையில் பூட்டச் செய்திருக்கிறார். திறப்பு தில்லைநாதனிடம். தில்லைநாதன் அதைக் குசினிக் கதவடி ஆணியில் கொழுவியிருக்கிறார். இப்போது எல்லார் முன்னிலையிலும், கமரா ஓட ஓட, பை திறக்கப்பட்டது.

கறுப்பு ரப்பர்ச் சட்டை, தோள்வார், வாயில் கடித்து மூச்செடுக்கிற குழாய். எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“உப்பைப் பாருங்கோ,” என்றார் ஜெயரூபன் கமராவைக் கிட்டக் கொண்டுபோய். “கடலுக்குள்ளை இருந்து எடுத்தால் நல்ல தண்ணியிலை கழுவ வேணும். அதுதான் முதல் பாடம். இவன் கழுவவே இல்லை.”

யசோதரா வாய்க்குழாயின் மூடியைத் திருகினாள். உள்ளே இருந்து ஒரு தேக்கரண்டி மணல் அவள் கையில் கொட்டியது.

ஜெயரூபன் ஆவென்று வாயைப் பிளந்தார். அந்த வாய் திறந்த வேகம் நிருபனுக்குப் பிடிக்கவில்லை; மணல் விழ ஒரு நொடி முன்னாலேயே திறந்துவிட்டது போலிருந்தது. ஆனால் பிடிக்காத ஆள் செய்வதெல்லாம் பிடிக்காதுதானே என்று விட்டுவிட்டான். யசோதரா மணலை ஒரு கடிதாசியில் மடித்தாள். அறிக்கையை இங்கேயே இருந்து எழுதித் தரமுடியுமா என்று ஜெயரூபன் அவசரப்படுத்தினார். இந்த விடுதிக் குழாய்த் தண்ணியோடு இன்னொரு இரவு தன்னால் ஏலாதாம். “ரப்பைத் திறந்தால் கடல்தான் வருது. பல்லு விளக்கினால் வாய் கரிக்குது. வீடியோவிலையும் சொல்லியிருக்கிறன்,” என்றார். முற்றத்தில் தில்லைநாதன் கேத்திலை நிலத்தில் போட்டு உடைக்காத குறையாக வைத்தார்.

பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால், வேப்பமர நிழலில் ஒரு வாங்கில் அன்ரனிதாஸ் இருந்தான். இருபத்தேழு வயது, தோள் இரண்டும் தண்ணீர் தள்ளித் தள்ளி அகன்றவை. தன்னைப் பிடித்துக் கொடுத்தவரிடம் கூலி வாங்குகிறவர்களோடு தனக்கு என்ன கதை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். யசோதரா எழும்பவில்லை. சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் எதிரில் இருக்கிறவருக்குத்தான் வேர்க்கும் என்பது நிருபன் பலதரம் கண்ட விஷயம்.

“கழுவினனான்,” என்றான் அன்ரனிதாஸ் கடைசியில். “நேற்று நாலு மணிக்கு, கிறேசம்மா அன்ரி வீட்டு முற்றத்திலை. நல்ல தண்ணி ரெண்டு கான். ஒவ்வொரு மூடியாக் கழட்டிக் கழுவினனான். உள்ளுக்கை ஒரு பொட்டு மணல் இருக்கேல்லை.”

“அப்ப கடலுக்கடியிலை என்ன நடந்தது?”

“காத்து முடிஞ்சது. ஐம்பது நிமிசத்துக்கு வாற காத்து. கமராவுக்காக ஒரு திருக்கை மீனைத் துரத்தித் துரத்தி, இருவத்திரண்டு நிமிசத்திலை குடிச்சு முடிச்சார். மேலை போவம் எண்டு மூண்டு தரம் கை காட்டினனான். பாக்கேல்லை. என்ரை மற்றக் குழாயைக் குடுத்து நான்தான் மேலை கொண்டுவந்தனான்.”

தேர்ந்த சுழியோடி என்று இரண்டு லட்சம் பேருக்குச் சொல்லி வைத்த மனுஷன் ஒரு திருக்கைக்குப் பின்னால் ஓடிக் காற்றை முடித்துக்கொண்டது வெளியே வந்தால் என்னாகும் என்று நிருபன் யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜன்ற் வாசலுக்கு வந்து அந்த யோசனையைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். கிறேசம்மாவைக் காலையிலேயே விசாரித்தாயிற்றாம். தான் ஒரு சொட்டுத் தண்ணியும் கொடுக்கவில்லை, பெடியன் தன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டாளாம். அன்ரனிதாஸ் தலையைக் குனிந்தான். அவனுடைய தாயும் கிறேசம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

திரும்பும் வழியில் பிக்கப் சாரதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வெறுப்பு ஒரு பக்கம், ஊர்க்கதை சொல்லும் ருசி இன்னொரு பக்கம், ருசி வென்றது. கிறேசம்மா தண்ணீர்க் குழுவின் தலைவியாம். மழை இல்லாத மாதங்களில் சுத்திகரித்த நல்ல தண்ணி வீட்டுக்கு இரண்டு பிளாஸ்ரிக் கான்தான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கழுவுவதற்கு அவரவர் கிணற்றில் கரிக்கிற சவர்த் தண்ணி. போன மாதம் கமலாதேவி என்கிற பெண் நல்ல தண்ணியில் தலை முழுகினதைக் கிறேசம்மா மணந்தே பிடித்தாளாம். வரிசையில் எல்லார் முன்னாலும் அவளுடைய கானைக் கவிழ்த்துவைத்து, ஒரு கிழமை தண்ணி இல்லை என்று தீர்ப்புச் சொன்னாளாம்.

“அப்பிடிப்பட்ட ஆள் ரப்பர் கழுவ ரெண்டு கான் குடுப்பாவோ?” என்று கேட்டுவிட்டுச் சாரதி சிரித்தான். ஊர் முழுக்க இந்தச் சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. அன்ரனிதாஸ் பொய்யன் என்று ஊர் நம்பியது அந்த ஒரு காரணத்தால்தான்.

யசோதரா வாகனத்தைக் கிறேசம்மாவின் படலையடியில் நிறுத்தச் சொன்னாள்.

கிறேசம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, நிமிர்ந்த கழுத்து. படலைக்கு உள்ளே நின்றபடியே கதைத்தாள்.

“நான் ஒருத்தருக்கும் தண்ணி குடுக்கேல்லை. வந்த வழி உதுதான்.”

யசோதரா வந்த வழியால் போகவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குதிரைகள் அப்படியே நின்றன. கிட்டப் போனபோது ஒன்று பல்லைக் காட்டியது. நிருபன் மரியாதையாக இரண்டு அடி பின்னுக்கு வந்தான். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டை மதிலின் அடியில் இருந்தது. அதற்கு வெளியே கற்பாறையில் குழிந்த ஒரு கிடங்கு. குதிரைகள் முறை வைத்து அந்தக் கிடங்கின் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. அடியில் இன்னும் ஒரு கை நீர் மிச்சம் இருந்தது.

“நிருபன், நீர் அதை நக்கிப் பாரும்.”

“அக்கா, எனக்கு முன்னாலை அஞ்சு பேர் வரிசையிலை நிக்கினம்.”

ஆனாலும் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். நல்ல தண்ணி. மெல்லிய உப்புக் கரிப்பு. கடலில் தோய்ந்த சாமான் கழுவிய தண்ணி அப்படித்தான் இருக்கும். வெயிலில் திரிந்த குதிரைக்கு அது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி மாதிரி. அதை விட்டு அவை ஏன் போகும்?

பத்து அடி தள்ளி, மதிலுக்கு வெளியே, கிறேசம்மாவின் மாடு குடிக்கிற தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கிணற்றுச் சவர்த் தண்ணி. ஒரு குதிரையும் அதன் பக்கம் மூக்கை நீட்டவில்லை.

யசோதரா படலைக்குத் திரும்பிவந்து இதை அப்படியே, குரலை உயர்த்தாமல், கிறேசம்மாவிடம் சொன்னாள். நேற்றுப் பின்னேரம் இந்த முற்றத்திலிருந்து நல்ல தண்ணி வழிந்தோடியிருக்கிறது, குதிரைகளுக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும் என்றாள். கிறேசம்மாவின் முகம் அசையவில்லை. படலையைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளிறின.

“குதிரையைக் கொண்டுபோய்க் கோட்டிலை சாட்சி சொல்ல வையுங்கோ,” என்றுவிட்டு உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

“கொண்டுபோகலாம்,” என்றான் நிருபன். “படகிலை எனக்குப் பக்கத்திலை மட்டும் இருத்தக்கூடாது.”

யசோதரா சிரிக்கவில்லை. பெடியன் உண்மை சொல்கிறான், ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சொல்லமாட்டாள். கமலாதேவியின் முன்னால் தன் கானைத் தானே கவிழ்ப்பதைவிட அவளுக்குச் சாவது சுகம் என்றாள். நாலு மணிக்குக் கழுவிய சாமானில் மணலும் வெள்ளைப் பூப்பும் எப்படி வந்தன? ஐந்து மணிக்குப் பிறகுதான் வந்திருக்கவேண்டும், விடுதியில் வைத்து. நிருபன் தயங்காமல் தில்லைநாதன் தலையில் பந்தயம் கட்டினான். திறப்பு அவருடைய ஆணியில், கோபம் அவருடைய வயிற்றில், முகமும் அதற்கேற்ற முகம்.

விடுதிக்குப் போனபோது ஒன்றரை மணி. தில்லைநாதன் சோற்றுக் கோப்பையை மேசையில் எறிந்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் மீன்குழம்பு அருமை. கோப்பை ஓரத்தில் ஒரு பாதித் தேசிக்காய் இருந்தது. நிருபன் அதைப் பிழியக் கையெடுத்தபோது யசோதரா எட்டி எடுத்துக்கொண்டாள். ஒரே நாளில் இரண்டாம் தரம் தன் கையிலிருந்து தேசிக்காய் பறிபோகிறதே என்று அவனுக்கு உண்மையாகவே துக்கம் வந்தது.

ஜெயரூபன் கமராவை மேசையில் ஓடவிட்டு எதிரில் வந்து உட்கார, யசோதரா ரப்பர்ச் சட்டையை அதிலே விரித்தாள். முதலில் போத்தல் தண்ணீரில் துணியை நனைத்து வெள்ளைப் பூப்பைத் துடைத்தாள். காய்ந்ததும் வெள்ளை அப்படியே இருந்தது. பிறகு தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாள். அந்த இடம் மட்டும் புதுச்சட்டை போலக் கறுத்தது.

“தில்லைநாதன் அண்ணை, இது என்னெண்டு சொல்லுங்கோ.”

அவர் வேண்டாவெறுப்பாக வந்து நகத்தால் ஒருதரம் சுரண்டினார். “கடலுப்பெண்டால் தண்ணி பட்டவுடனை கரைஞ்சு போம். இது எங்கடை கிணத்துச் சுண்ணாம்பு. ரப்பிலை, கேத்திலிலை, நான் ஒவ்வொரு நாளும் உதோடைதான் மாரடிக்கிறன்.” அதற்குப் பிறகுதான், அந்தச் சுண்ணாம்பு வந்தது தன் வீட்டுக் குழாயிலிருந்து என்பது அவருக்கு உறைத்தது. முகம் கறுத்துப்போனது.

நிருபன் பந்தயத்தில் வென்றுவிட்டதாகவே நினைத்தான். யசோதரா தலையை ஆட்டினாள்.

“சாமான் கழுவேல்லை எண்டு காட்ட விரும்பின ஆள் அதிலை கடல் தண்ணி தெளிச்சிருக்க வேணும். கடல் உந்தா, நூறு யார் தூரத்திலைதான். ஆனால் இராத்திரியும் விடியவும் கரையிலை வலைக்காரர் நிப்பினம், காணுவினம். அதனாலை ரப்பைத் திறந்திருக்கிறார். கிணத்துத் தண்ணியையும் கடல் தண்ணியையும் ஒண்டெண்டு நினைக்கிற ஆள் இந்தத் தீவிலை பிறந்த ஆளாய் இருக்க ஏலாது.” அவள் ஜெயரூபனைப் பார்த்தாள். “ரப்பைத் திறந்தால் கடல் வருது எண்டு வீடியோவிலையே சொன்னவர் ஒரு ஆள்தான்.”

கமரா மேசையில் இன்னும் சிவப்பு வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கூலிக்குக் கூப்பிட்ட ஆளே குற்றவாளி என்பதை விழுங்க நிருபனுக்கு ஒரு வாய் தண்ணீர் தேவைப்பட்டது. வாய்க்குழாயைத் திருத்தமாகச் சோதித்தால் அதில் ஒரு பழுதும் இல்லை என்று அறிக்கை வந்துவிடும். துப்பறிகிறவர்களைக் கூப்பிட்டபிறகுதான் அந்தப் பயம் ஜெயரூபனுக்கு வந்திருக்கிறது; அதற்குத்தான் மணல்.

அப்போதுதான் மூலைக் கதிரை திரும்பியது. காலையிலிருந்து கோசலா பேசிய முதல் பேச்சு அதுதான்.

“விடிய அஞ்சு மணிக்கு ரப் திறந்த சத்தம் கேட்டது. குளிக்கிறார் எண்டு நினைச்சன். வந்து படுக்கேக்கை தலை காய்ஞ்சிருந்தது. கையெல்லாம் முற்றத்து மணல்.”

ஜெயரூபன் அவளைப் பார்த்த பார்வையில் ஒன்பது நாள் பயணமும் எரிந்து சாம்பலானது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்ரனிதாஸே சவர்த் தண்ணியில் கழுவியிருக்கலாமே, அப்போது மணலும் போயிருக்கலாமே என்றார். மனைவி கோபத்தில் சொல்வதை நீதிமன்றம் எடுக்காது என்றார். “நல்ல தண்ணி குடுத்தனான் எண்டு அந்தப் பொம்பிளை வந்து சொல்லட்டும் பாப்பம். சொல்லமாட்டா. காலமையே பொலிஸிலை இல்லையெண்டு சொல்லிப்போட்டா.”

அதுதான் வயிற்றில் அடித்த இடம். மனுஷன் சொன்னது சரி. கிறேசம்மாவின் வாய் திறக்காவிட்டால் தேசிக்காயும் குதிரையும் ஒரு காசுக்கும் உதவாது. மணி இரண்டு இருபது.

தண்ணி கொடுக்கும் குழாய் துறைக்குப் போகும் வீதியில்தான் இருந்தது. பின்னேர முறை தொடங்கி, இருபது பெண்களுக்கு மேல் கான்களோடு வரிசையில் நின்றார்கள். குழாயடியில் கிறேசம்மா, எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணிப் படகைப் பிடிக்க ஜெயரூபன் பெட்டிகளோடு வந்துசேர்ந்தார். கோசலா பத்தடி பின்னால் தனியாக வந்தாள். கொஞ்ச நேரத்தில் அன்ரனிதாஸைக் கூட்டிக்கொண்டு சார்ஜன்றும் வந்தார்.

யசோதரா குறுக்கே போய், விடுதியில் கண்டதையும் கேட்டதையும் சொல்லி, சார்ஜன்றிடம் ஒரே ஓர் உதவி கேட்டாள். படகு ஏற்றுமுன் அவனிடம் கடைசியாக ஒருதரம் கேளுங்கள், இதே இடத்தில், எல்லார் காதிலும் விழ. அதனால் நட்டம் ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நின்றார். நல்ல தண்ணி தந்தது யார் என்று சத்தமாகக் கேட்டார்.

அன்ரனிதாஸ் நிமிர்ந்து பார்த்தான். கிறேசம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில், போன மாதம் கான் கவிழ்க்கப்பட்ட கமலாதேவி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தான். சொல்லடா, சொல்லித் தொலையடா என்று நிருபன் மனசுக்குள் கத்தினான்.

“ஒருத்தரும் தரேல்லை, சேர்,” என்றான் அன்ரனிதாஸ். “நான் கழுவேல்லை.”

ஜெயரூபன் கமராவைத் தூக்கினார். சார்ஜன்ற் அவன் தோளில் கைவைத்தார். இரண்டு பேரும் நாலு அடி நடந்திருப்பார்கள்.

பின்னால் கான் ஒன்று நிலத்தில் விழுந்து உருண்டது.

“பொய் சொல்லுறான்,” என்றாள் கிறேசம்மா. “நான்தான் குடுத்தனான். ரெண்டு கான். பக்கத்திலை நிண்டு பாத்தனான், ஒவ்வொரு மூடியாக் கழட்டிக் கழுவினவன். மணலும் இல்லை, ஒண்டும் இல்லை. காலமை பொலிஸுக்கு நான் சொன்னது பொய்.”

கிறேசம்மா தன்னுடைய இரண்டு கான்களையும் எடுத்து வரிசைக்கு வெளியே, வீதியோரத்தில், வாய் கீழாகக் கவிழ்த்து வைத்தாள். கமலாதேவியைப் பார்த்து, எத்தனை நாள் என்று கேட்டாள்.

“ஒரு கிழமை,” என்றாள் கமலாதேவி. இரக்கம் கிரக்கம் ஒன்றும் இல்லை. “எனக்கும் ஒரு கிழமைதானே.”

“ஓம். ஒரு கிழமை,” என்றாள் கிறேசம்மா.

சார்ஜன்ற் அன்ரனிதாஸின் தோளிலிருந்து கையை எடுத்து ஜெயரூபனின் பக்கம் திரும்பினார். பொய் முறைப்பாடு எழுதிக் கொடுப்பதும் சாட்சிச் சாமானில் கைவைப்பதும் என்ன குற்றம் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்பது இனி இந்தப் பெடியனின் கையில் என்றார். ஜெயரூபனின் கமரா தானாகவே கீழே இறங்கியது.

அன்ரனிதாஸ் கவிழ்ந்திருந்த கான்களைக் காட்டினான்.

“அன்ரி குடுத்த ரெண்டு கான் தண்ணியை இவர் திருப்பிக் குடுக்கட்டும், சேர். தன்ரை கையாலை. வரிசையிலை நிண்டு எடுத்து.”

தண்டனைக்காரிக்குத் தண்ணி போகலாமா என்று சார்ஜன்ற் கமலாதேவியைப் பார்த்தார். வாங்கின கடன் திரும்பி வருவதைத் தடுக்கச் சட்டமில்லை என்றாள் அவள். “ஆனால் விருந்தாளியள் கடைசியிலைதான்.”

படகு கூவியது. அடுத்த படகு நாளைக் காலைதான். ஜெயரூபன் படகைப் பார்த்தார், சார்ஜன்றைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த இரண்டு கான்களையும் பார்த்தார். கோசலா நிற்கவில்லை. தன் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போய்ப் படகில் ஏறி, கரைக்கு முதுகைக் காட்டியபடி இருந்தாள்.

நிருபன் ஏறி உட்கார்ந்தபோது காலை கண்ட அதே கிழவர் எதிரில் இருந்தார். மடியை அவிழ்த்துத் தேசிக்காயை எடுத்து நீட்டினார். யசோதரா பறிப்பதற்கு முன்னால் நிருபன் அதை மூக்கில் வைத்துக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தான்.

கயிறு அவிழ்த்தபோது ஜெயரூபனுக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மேற்குப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கான்களோடு வந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்னால் போய் நின்றார்கள். பதினொன்று.